யார் நாக்கில் அந்தக் கறுப்பு?

"நீ அந்தாளக் கொன்னியா இல்லையா? அத மட்டும் சொல்லு மகள். அழுறத அப்புறமா வெளிய போய் அழலாம்."

ஹியூபேட் சேர் ஒரு கட்சிக்காரியை வரவேற்கிற அழகு இது. முன்னால் இருந்த பிள்ளை கைலேஞ்சியை வாயில் அடைத்துக்கொண்டு இன்னும் பெரிதாக அழுதாள். நான் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன். இந்தக் கந்தோரில் என் வேலையில் பாதி தண்ணீர் ஊற்றுவது, மீதி சேர் பேசியதற்கு மன்னிப்புக் கேட்பது.

கொட்டாஞ்சேனையில் சவப்பெட்டிக் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறோம். கீழே பெட்டி விற்கிறார்கள், மேலே நாங்கள் அதற்குக் காரணம் தேடுகிறோம். சேர் முன்பு காப்புறுதிக் கம்பனிக்காகச் செத்தவர்களைச் சந்தேகப்பட்டவர். இப்போது உயிரோடு இருப்பவர்களையும் சந்தேகப்படுகிறார். நான் ரிஸ்லா. மருந்துக் கம்பனிப் பையைத் தூக்கிக்கொண்டு டொக்டர்மாரின் வாசலில் காத்துக் கிடந்து அலுத்துப்போய் இங்கே வந்தவள்.

"நான் கொல்லேல்லை, சேர்" என்றாள் அந்தப் பிள்ளை. பெயர் சாருஜா. வெள்ளவத்தையில் ஒரு தனியார் கிளினிக்கில் தாதி. "ஆனா நான்தான் கொலை செய்தனான் எண்டு நாளைக்குக் காலமை கிளினிக் விசாரணையில முடிவெடுக்கப் போகினம். பொலிசும் வருது."

"அப்ப நேரமில்ல. சுருக்கமாச் சொல்லு."

சொன்னாள். வயிற்றுக்குள் ஒரு கிருமி இருக்கிறது. புண் வரப்பண்ணும், விட்டால் இரத்தமும் வரப்பண்ணும். அதைக் கொல்ல எந்த மருந்துக் கூட்டு திறமென்று ஒப்பிட்டுப் பார்க்க, அவர்களுடைய டொக்டர் சண்முகலிங்கம் ஓர் ஆய்வு நடத்துகிறார். ஒரு பகுதி ஆட்களுக்கு நீல மூடிப் பெட்டி, அதில் மூன்று மருந்து. மற்றப் பகுதிக்குச் சிவப்பு மூடிப் பெட்டி, அதில் நான்கு. இரண்டு கிழமை குடிக்க வேண்டும். பிறகு மூச்சை ஊதச் சொல்லி, கிருமி செத்ததா என்று பார்ப்பார்கள்.

"இந்தத் தரம் கிருமிக்கு முந்தி ஆள் செத்துட்டான்" என்றார் சேர்.

"சேர்!" என்றேன்.

"சிவபாதசுந்தரம் அங்கிள்" என்றாள் சாருஜா. "அவருக்குச் சிவப்பு மூடி. அதுக்குள்ள பிஸ்மத் எண்டு ஒரு குளிசை இருக்கு. அது குடிச்சா மலம் கறுப்பாப் போகும். ஒண்டும் செய்யாது. எல்லாருக்கும் அதை முதலே சொல்லி விடுறனாங்கள். ஒரு நாள் அவற்ற மனிசி, அன்ரி, போன் எடுத்து, 'அவருக்குக் கறுப்பாப் போகுது பிள்ளை' எண்டா. நான் கொம்பியூட்டரில பாத்தன், சிவப்பு மூடி. 'அது மருந்தின்ர கறுப்பு, பயப்படாதேங்கோ' எண்டன். அடுத்த நாளும் எடுத்தவ. ஸ்பீக்கரில போட்டிருந்தவ. அங்கிளே கேட்டவர், 'அப்ப பயமில்லையோ மிஸி?' எண்டு. குரல் சரியா ஈனமாக் கிடந்தது. எனக்கு முன்னால வரிசையில சனம் நிண்டது. தார் மாதிரி ஒட்டுதோ, நாறுதோ, தலை சுத்துதோ எண்டு கேட்டிருக்க வேணும். கேக்கேல்லை. பயமில்லை எண்டிட்டன்."

"அப்புறம் செத்துட்டாரு."

"ஓம், அடுத்த நாள் விடிய. புண்ணில இருந்து ரத்தம் போயிருக்கு. அந்தக் கறுப்பு ரத்தம், சேர்."

சேர் என்னைப் பார்த்தார். மருந்து விஷயம் வந்தால் மட்டும் என்னை மனிதப்பிறவியாக நடத்துவார். "ரத்தம் வயித்துக்குள்ள கிடந்து கீழ வந்தா கறுப்பாத்தான் வரும், சேர்" என்றேன். "பிஸ்மத்தும் கறுப்பாக்கும். ஆனா பிஸ்மத் நாக்கையும் கறுப்பாக்கும். ரத்தம் அப்படிச் செய்யாது."

"அதுதான் அக்கா பிரச்சினை" என்றாள் சாருஜா. "ஆசுபத்திரி டொக்டர் அவற்ற வாயைத் திறந்து பாத்திட்டு, நாக்கு நல்லாக் கிடக்கு, இந்த மனுசன் பிஸ்மத்தே குடிக்கேல்லை எண்டிட்டார். எங்கட டொக்டர் இப்ப சொல்லுறார், நான் சிவப்புப் பெட்டிக்குள்ள வேற குளிசையை அடுக்கிப்போட்டனாம். அங்கிளின்ர மகன் பொலிசில என்ட்ரி போட்டிட்டார். நான் சரியாத்தான் அடுக்கினனான். இன்னொரு மிஸியும் பாத்தவ. அவ இப்ப ஞாபகமில்லை எண்டுறா."

"பெட்டி எங்க?"

"எறிஞ்சாச்சாம். செத்தவற்ற மருந்தை வீட்டில வைக்கக்கூடாதெண்டு."

சேர் எழுந்து யன்னலடிக்குப் போனார். கீழே யாரோ ஒரு பெட்டிக்கு விலை பேசிக்கொண்டிருந்தார்கள். "இவ சொல்றது உண்மைன்னா, பிஸ்மத் அந்தப் பெட்டிக்குள்ள இருந்திருக்கு" என்றார். "சிவபாதத்துட வாய்க்குள்ள போகல்ல. அப்ப வேற ஒரு வாய்க்குள்ள போயிருக்கு. வெள்ளவத்தையில எங்கயோ ஒரு நாக்கு கறுத்துப்போய் இருக்கு, ரிஸ்லா. அதக் கண்டுபிடிக்கணும்."

"குப்பையில கொட்டியிருந்தா?"

"குப்பைக்கு நாக்கில்ல. அப்டின்னா இவ ஜெயிலுக்குத்தான்."

சாருஜா மறுபடியும் அழத் தொடங்கினாள். நான் மறுபடியும் தண்ணீர் ஊற்றினேன்.

வெள்ளவத்தைக்கு முச்சக்கரவண்டியில் போனோம். சாரதிப் பையன் காலி வீதி பஸ்களோடு போட்டி போட்டான். "மல்லி, ஹெமின் யன்ன" என்று நான் கெஞ்ச, மெதுவாகப் போகச் சொன்னதை அவன் வேகமாகப் போகச் சொன்னதாகவே எடுத்துக்கொண்டான்.

"சேர், ஒரு சந்தேகம்" என்றேன். "கொழும்புல ஒரு ஆள்ட்ட சல்லி கேக்கலாம், சாதகம் கேக்கலாம். நாக்க நீட்டுங்க பாப்பம்னு எப்படிக் கேக்கிற?"

"ஒனக்கு அது கஷ்டமா? ஒன்னப் பாத்தாலே பாதிப் பேர் நாக்க நீட்டிட்டுத்தானே போறான்."

இதற்கு நான் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது.

கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒரு ஒழுங்கையில் அந்தத் தொடர்மாடி. அந்தக் கட்டடத்தில் மட்டும் ஏழெட்டுப் பேர் ஆய்வில் சேர்ந்திருக்கிறார்கள் என்று சாருஜா சொல்லியிருந்தாள். சிவபாதசுந்தரமும் மனைவி நாகேஸ்வரியும் ஒன்றாகவே வந்து பதிந்தவர்களாம். லிப்டில் ஏறும்போதே கணவாய்க் கறி மணத்தது. அன்றைக்கு அந்த வீட்டில் எட்டுச் செலவு. செத்த வீடென்று ஒரு கிழமை மரக்கறியோடு கிடந்தவர்கள், அன்றைக்குத்தான் மீனும் இறைச்சியும் சமைத்து, செத்தவர் உயிரோடு இருக்கும்போது ஆசைப்பட்டுத் தின்றது, குடித்தது எல்லாவற்றையும் ஓர் அறையில் படைத்து, அவர் வந்து சாப்பிட்டுப் போகட்டும் என்று கதவைச் சாத்திவிட்டுக் காத்திருப்பார்கள். அப்படியொரு வீட்டில் யாரும் யாரையும் நீங்கள் யாரென்று கேட்பதில்லை. சேர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு உள்ளே நுழைந்தார். அந்த முகத்துக்கு அது இயல்பான நிலைதான்.

மகன் கிஷாந்த் வாசலிலேயே நின்றான். தடித்த கழுத்து, அதைவிடத் தடித்த குரல். "அந்த நேர்ஸை நான் விடமாட்டன், அங்கிள். உள்ள போட்டுத்தான் மற்ற வேலை. என்ர அப்பாவைக் கொலை செய்திட்டு அவள் வெளியில உலாவுறாள்" என்று வந்தவர்களுக்கெல்லாம் ஒரே பாட்டைப் பாடிக்கொண்டிருந்தான். வாய் அகலத் திறந்து கத்துகிற ஆள் என்பதால் எனக்கு வேலை சுலபம். நாக்கு சுத்தம், நல்ல இளஞ்சிவப்பு.

"இவன் இல்ல, சேர்" என்று கிசுகிசுத்தேன். "இவன்ட வாய்க்குள்ள போனது முழுக்க வடை."

படையல் அறையில் பெண்கள் வாழை இலை போட்டுக்கொண்டிருந்தார்கள். கணவாய், றால் வடை, கோழிக் கறி, அவித்த முட்டை, ஒரு சுருட்டு. நடுவில் ஒரு விஸ்கிப் போத்தல். சேர் அந்தப் போத்தலைப் பார்த்த பார்வையில் நான் முதலில் வேறு மாதிரி நினைத்தேன். பிறகுதான் நானும் கவனித்தேன். போத்தல் திறந்திருந்தது. அடியில் இரண்டு விரலுக்குத்தான் மிச்சம்.

"படைக்கிறதுக்குப் புதுப் போத்தல் வாங்கல்லையா?" என்று சேர் பொதுவாகக் கேட்டார்.

பக்கத்தில் நின்ற ஒருவர் மூக்கை உறிஞ்சினார். முன்வீட்டுக் கிளெமென்ற், வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். "நான்தான் இதை வைக்கச் சொன்னனான். இது சிவபாதம் உடைச்ச போத்தல். முடிக்காமல் போட்டான்."

"எப்ப உடைச்சாரு?"

"சாகிற கிழமைதான். பின்னேரம் பின்னேரம் என்ர பல்கனியிலதான் இருப்பம். கடைசிக்கு முதல் நாளும் வந்தவன்."

"குடிச்சிட்டு முகம் சிவந்தது, சத்தி எடுத்தது, நெஞ்சு படபடத்தது, ஏதாவது?"

"சிவபாதமோ!" கிளெமென்றுக்கு அழுகைக்கு நடுவிலும் பெருமை வந்தது. "கல்லு மாதிரி இருந்திட்டு எழும்பிப் போவான்."

நான் சேரின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பல்கனிக்குப் போனேன். "சேர், சிவப்புப் பெட்டியில மெட்ரோனிடசோல்னு ஒரு மருந்து ஈக்கு. அதக் குடிக்கிற ஆளுக்கு டொக்டர்மார் முதல்ல சொல்றதே ஒரு சொட்டும் தொட வேணாம்னுதான். தொட்டா சில பேருக்கு ஆட்டம் கண்டுரும். எல்லாருக்கும் வராதுதான். ஆனா ஒவ்வொரு நாளும் குடிச்சு, ஒரு நாளும் ஒண்டும் ஆகல்லன்னா..."

"அப்ப அவரு பிஸ்மத்த மட்டும் குடிக்காம விடல்ல" என்றார் சேர். "அந்தப் பெட்டியையே தொடல்ல. சாருஜா ஒரு குளிசைய மாத்தி அடுக்கின கதை இதோட முடிஞ்சுது. முழுப் பெட்டியும் கைமாறியிருக்கு. கிளெமென்றுக்கு எந்த மூடி?"

அதையும் கேட்டுப் பார்த்தேன். அவரும் ஆய்வில்தான், நீல மூடி. கசப்பு எவ்வளவென்று காட்ட அவரே நாக்கை நீட்டினார். சுருட்டுப் புகையில் மஞ்சளாகிக் கிடந்தது, கறுப்பில்லை.

"சரி. இந்த வீட்ல இவ்வளவு நேரமா வாயத் திறக்காத ஆள் யாரு?" என்று கேட்டார் சேர்.

ஹோலின் மூலையில் பாயில் நாகேஸ்வரி இருந்தார். மெலிந்த, சின்ன உருவம். புதிதாக வருகிற பெண்கள் கட்டிப்பிடித்து ஓவென்று அழுதார்கள். நாகேஸ்வரி அழவில்லை. சேலைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினார். பாவம், துக்கத்தில் உறைஞ்சு போச்சு என்று ஒருத்தி என் காதில் சொன்னாள்.

"தேத்தண்ணி கொண்டு போய்க் குடு" என்றார் சேர். "அடுப்பால இறக்கின உடனே. ஆறவிடாம."

"சேர், புருசன் மவுத்தான மனிசி."

"சாருஜாவும் ஒரு தாய் பெத்த பிள்ளதான். குடு."

கொடுத்தேன். கேத்தலில் கொதித்த பிளேன்ரீயை அப்படியே தடித்த கோப்பையில் ஊற்றி, சூட்டை ஆற்ற ஒரு சொட்டுத் தண்ணீரும் விடாமல், "காலையில இருந்து ஒண்டும் குடிக்கல்ல போல, ஒரு மொடக்குக் குடிங்க அன்ரி" என்று பாசமாக நீட்டினேன். என்னை நினைத்து எனக்கே அருவருப்பாக இருந்தது. நாகேஸ்வரி தலைப்புக்குப் பின்னால் கோப்பையைக் கொண்டுபோய் ஒரு வாய் எடுத்தார். அடுத்த கணம் தலைப்பு விழுந்தது, வாய் திறந்தது, நாக்கு வெளியே வந்தது.

அடுப்புக்கரியைப் பூசியது போல் இருந்தது.

நாகேஸ்வரி உடனே வாயைப் பொத்திக்கொண்டார். கண்ணில் தண்ணீர் முட்டி வழிந்தது. அப்பாடா, ஒருவழியாய் அழுதிட்டா என்று சுற்றியிருந்த பெண்கள் ஆறுதல்பட்டு அவருடைய முதுகைத் தடவிவிட்டார்கள்.

படையல் அறைக் கதவைச் சாத்தி எல்லோரும் ஹோலில் காத்திருந்த நேரத்தில், நாகேஸ்வரியே எங்களைத் தன் படுக்கையறைக்குக் கூப்பிட்டார். நான் நாக்கைப் பார்த்ததை அவரும் பார்த்துவிட்டார்.

"போன் ரெண்டையும் வெளியில வைச்சிட்டு வாங்கோ" என்றார் முதலில்.

சேர் சிரித்தார். அவர் சிரித்தால் எதிரில் இருப்பவர் மேல் மரியாதை வந்துவிட்டது என்று அர்த்தம். வைத்துவிட்டு வந்தோம்.

"சிவப்புப் பெட்டி ஒங்கட வயித்துக்குள்ள போகுது" என்றார் சேர்.

"ஓம். இன்னும் குடிக்கிறன்." அலுமாரியைத் திறந்து சேலைகளுக்கு அடியிலிருந்து பெட்டியை எடுத்துக் காட்டினார். "எறிஞ்சது என்ர நீலப் பெட்டி."

"மாத்தினது யாரு?"

"அவர்தான். கிளினிக்கால வந்த அண்டைக்கே. இந்தப் பெட்டி குடிக்கிற ஆக்கள் சாராயம் தொடக்கூடாது எண்டு டொக்டர் சொல்லிப்போட்டார். அவருக்கு அது ஏலாது. 'உன்ர பெட்டியை இஞ்ச தா, என்ரையை நீ குடி. உனக்கென்ன, நீ குடிக்கிறனியே?' எண்டார். நாளுக்கு நாலு தரம். வாய் முழுக்கச் செம்புக்காசைச் சப்பின மாதிரி. நான் சத்தி எடுத்துக்கொண்டு இருப்பன், அவர் பாத்துச் சிரிச்சுக்கொண்டு கிளாசுக்குள்ள ஐஸ் போடுவார்."

எனக்கு மூச்சு வந்தது. பாவம் மனுசி, இவர் நாக்கைச் சுட வைத்தோமே என்று குற்றமாகவும் இருந்தது. சாருஜா தப்பினாள், அவ்வளவுதான் விஷயம் என்று நான் எழுந்தேன். சேர் எழவில்லை.

"ரெண்டாவது போன் கோலப் பத்திச் சொல்லுங்க" என்றார்.

வெளியே கடற்கரை ரயில் போனது. நாகேஸ்வரி யன்னலைச் சாத்தினார்.

"பிஸ்மத் போனது ஒங்களுக்கு" என்றார் சேர். "அப்ப அவருக்கு ஏன் கறுப்பாப் போகுது? இந்தக் கேள்விய இந்த உலகத்துல கேட்டிருக்கக்கூடிய ஒரே ஆள் நீங்க. பெட்டிய மாத்திட்டம்னு மிஸிட்ட ஒரு வார்த்த சொன்னாப் போதும். சொல்லல்ல. அதுக்குப் பதிலா ஸ்பீக்கரப் போட்டீங்க."

"முதல் தரம் சொல்லத்தான் எடுத்தனான்." குரல் தணிவாக, நிதானமாக வந்தது. "அவர் முன்னால நிண்டு கண்ணை உருட்டினவர், குடிக்கிறது வெளியில வந்திடும் எண்டு. நான் அந்தக் கதையை விட்டிட்டன். பிள்ளை பயமில்லை எண்டுது. 'கேட்டியே மடைச்சி' எண்டார். ஆனா எனக்கு அண்டைக்கே விளங்கிப்போச்சு. எனக்குப் போறதும் கறுப்பு, அவருக்குப் போறதும் கறுப்பு. அவற்றது நாறும். தார் மாதிரி ஒட்டிக்கொண்டு கிடக்கும். நான்தானே கக்கூசு கழுவுறனான்."

"அடுத்த நாள்?"

"அடுத்த நாள் அவருக்கே பயம் வந்திட்டுது. தலை சுத்துது, ஆசுபத்திரிக்குப் போவம், கிஷாந்துக்குக் கோல் எடு எண்டார். என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு கெஞ்சினவர். கலியாணம் கட்டின நாள் தொடக்கம் அந்த மனுசன் என்னட்ட ஒண்டுக்கும் கெஞ்சினதில்லை." சேலைத் தலைப்பைச் சரிசெய்தார். "எனக்கு அது நல்லாயிருந்தது. 'பொறுங்கோ, மிஸியை இன்னொருக்காக் கேப்பம்' எண்டு ஸ்பீக்கரில போட்டன். என்ர சொல்லைக் கேக்கமாட்டார். படிச்ச பிள்ளை சொன்னாக் கேப்பார். கேட்டார். போய்ப் படுத்தார்."

அந்த அறையில் கட்டில் இருந்தது. அதில்தான் அந்த மனிதர் போய்ப் படுத்திருக்கிறார். விடிய விடிய இவர் பக்கத்தில் இருந்திருக்கிறார்.

"இத நான் நிரூபிக்க ஏலாது" என்றார் சேர்.

"தெரியும். அதுதான் சொன்னனான்."

"அந்தப் பிள்ள ஜெயிலுக்குப் போகும்."

"அதுக்கு நான் என்ன செய்ய?"

"நாளைக்கு விசாரணையில, பெட்டிய மாத்தினது அவருதான்னு சொல்லுங்க. அது உண்மைதானே? மிச்சத்துக்கு நான் வாயத் திறக்கல்ல. சொல்லல்லன்னா இப்பவே ஹோலுக்குப் போய், ஒங்கட மகனுக்கு முன்னால நாக்க நீட்டச் சொல்லுவன். நான் கேட்டதையெல்லாம் அவன் கேப்பான். அவன் என்ன மாதிரி மெதுவாக் கேக்கமாட்டான்."

நாகேஸ்வரி பெட்டியை மறுபடியும் சேலைகளுக்கு அடியில் வைத்து அலுமாரியைப் பூட்டினார். யோசிக்கிற ஆளின் கை எவ்வளவு அமைதியாக இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே நின்றேன்.

"சொல்லுறன்" என்றார். "ஆனா ஒண்டு. அந்தப் பிள்ளை இப்ப இஞ்ச வந்து, எல்லாருக்கும் முன்னால என்னட்ட மன்னிப்புக் கேக்க வேணும். ஒரு கேள்வியும் கேக்காமல் அவசரத்தில பதில் சொன்னது அதின்ர பிழைதானே? அது வந்து அழுதால்தான், நான் சொல்லுறதை ஒருத்தரும் கிண்டமாட்டினம். பெருந்தன்மையில சொல்லுறா எண்டு விட்டிடுவினம்."

"ஒங்களுக்கு வெக்கமே இல்லையா?" என்று கேட்டுவிட்டேன்.

"கனகாலம் வெக்கப்பட்டுக் களைச்சுப்போனன், பிள்ளை."

பல்கனியில் வைத்து நான் சேரோடு சண்டை பிடித்தேன். "அந்தப் புள்ளைய ஒரு கொலைகாரிட கால்ல உழச் சொல்றீங்களா?"

"உழுந்தா நாளன்டைக்கு வேலைக்குப் போவா. நிமிந்து நின்னா ஜெயிலுக்குப் போவா. நீ ஒண்ட எடு."

"உண்மையாவது அவளுக்குச் சொல்லுவம், சேர். ஏன் உழுறன்னு தெரிஞ்சுட்டு உழட்டும்."

"தெரிஞ்சா அவளுக்கு அழுகை வராது. ஆத்திரம் வரும். அது மூஞ்சியில தெரியும், மத்தவங்க அதப் பாப்பாங்க, காரியம் கெட்டுப்போகும். கோல் எடு, ரிஸ்லா."

சேர் கெட்ட மனிதர் என்று அந்த நேரம் முழு மனதோடு நினைத்தேன். ஆனால் அவர் சொன்னதில் பிழை தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. அழைப்பு எடுத்தேன். "மன்னிப்புக் கேட்டா அன்ரி ஒனக்காகக் கதைப்பா" என்று மட்டும் சொன்னேன். அவள் உடனே வருவதாகச் சொன்னாள்.

வந்தாள், தாதி உடுப்போடேயே. கிஷாந்த் பாய்ந்துகொண்டு போனான், கிளெமென்றும் இன்னொருவரும் பிடித்து நிறுத்தினார்கள். சாருஜா யாரையும் பார்க்காமல் பாயடிக்குப் போய், நாகேஸ்வரியின் காலில் நெற்றி முட்ட விழுந்தாள்.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ அன்ரி. நான் ஒரு கேள்வி கேட்டிருந்தா அங்கிள் இருந்திருப்பார். நான்தான் கேக்கேல்லை. எனக்கு நித்திரையே இல்லை, அன்ரி."

நாகேஸ்வரி கொஞ்ச நேரம் விட்டுவிட்டுத்தான் தூக்கினார். எல்லோரும் பார்க்க வேண்டிய அளவு நேரம். பிறகு அவளுடைய கன்னத்தைத் துடைத்துவிட்டார்.

"கிஷாந்த், இந்தப் பிள்ளையைப் பேசாத. இது பெட்டியைச் சரியாத்தான் தந்தது. உன்ர அப்பாதான் குடிக்கிறதுக்காகத் தன்ர பெட்டியை என்னட்டத் தந்திட்டு என்ரையை எடுத்தவர். அவற்ற மானம் போகக்கூடாதெண்டு நான் பேசாமல் இருந்திட்டன். இனி ஒரு குமர்ப்பிள்ளையின்ர வாழ்க்கை அழியக்கூடாது. நாளைக்கு நானே வந்து சொல்லுறன்."

ஹோலில் ஒரு பெண் விம்மினாள். இப்படியும் ஒரு மனுசியா என்று இன்னொருத்தி சொன்னாள். கிஷாந்த் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, சின்னப் பிள்ளை மாதிரி முகத்தை மூடிக்கொண்டு அழுதான்.

படையல் அறையைத் திறந்தார்கள். நாகேஸ்வரி முதல் இலையைப் போட்டது சாருஜாவுக்குத்தான். கணவாயும் கோழியும் தன் கையாலேயே அள்ளி வைத்தார். அந்தப் பிள்ளை அழுதுகொண்டே சாப்பிட்டாள். நாகேஸ்வரி தனக்கும் போட்டுக்கொண்டு, குனிந்த தலை நிமிராமல், நல்ல பசியோடு சாப்பிட்டார். எனக்கும் ஓர் இலை வந்தது. ஹலாலா என்று சந்தேகமாக இருக்கிறது என்று சொல்லித் தப்பினேன். சேர் தன் இலையை அப்படியே மடித்தார்.

கீழே ஒழுங்கைக்கு இறங்கியதும் சாருஜா சேரின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்கள் இல்லாட்டி நான் செத்திருப்பன், சேர்."

"சரி சரி. போய்ப் படு" என்றார் சேர். அவளுடைய முகத்தைப் பார்க்கவில்லை. காலி வீதிப் பக்கம் திரும்பி முச்சக்கரவண்டி தேடினார்.

"அக்கா, அன்ரி எவ்வளவு நல்ல மனுசி, என்ன?" என்று என்னிடம் கேட்டாள். "புருசனைக் குடுத்திட்டு எனக்காகக் கதைக்கிறா. நான் எண்டா செய்வனோ தெரியாது. பாவம், இனித் தனிய. வெள்ளிக்கிழமையில லீவு. ஒவ்வொரு வெள்ளியும் வந்து பாக்கிறன் எண்டு சொல்லிப்போட்டு வாறன்."

எந்த நாளும் எதற்காவது ஒரு பகிடி என் வாயில் வந்து நிற்கும். அன்றைக்கு வரவில்லை. "வீட்டுக்குப் போ சாருஜா, மழை வரப்போகுது" என்று மட்டும் சொன்னேன். வானத்தில் ஒரு துண்டு மேகமும் இல்லை.

"அன்ரி என்ன சொன்னவ தெரியுமே?" என்றாள் அவள், கண்ணைத் துடைத்துக்கொண்டு, பல நாட்களுக்குப் பிறகு சிரிக்கிற ஆளைப் போல. "இனி நான் அவவின்ர மகளாம்."